சோமாவதி கடை வரை எல்லை

கடலுக்குள் காற்றாலை நிறுத்துவதைப் பற்றிப் பேசத்தான் கொழும்புக்குப் போனேன். போய் இறங்கிய மறுநாளே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எப்படி இப்படி ஆயிற்று என்று இன்றைக்கும் எனக்கு முழுசாக விளங்கவில்லை.

நான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறவன். கோபுரத்தில் ஏறுவது, எண்ணெய் மாற்றுவது, இறங்குவது, அவ்வளவுதான் எனக்கும் காற்றுக்கும் உள்ள உறவு. இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் சித்திரைக் கடைசியில், டென்மார்க்கில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியை கொழும்பில் ஒரு வாரக் கூட்டம் வைத்திருந்தார். களத்தில் வேலை செய்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். கூட்டத்தோடு கூட ஓர் ஆய்வு மாணவரையும் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். கடல் காற்று மின்சாரத்துக்குக் கொள்கை வகுப்பது எப்படி, அதில் கரையோர மக்களின் சம்மதத்தைக் கேட்பது எப்படி என்று மூன்று வருடம் அங்கே போய் ஆராயலாம். இருப்பது ஒரே இடம்.

முதல் நாள் தேநீர் இடைவேளையில் பேராசிரியை என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "வந்த கட்டுரைகளில் இந்தப் பெண்ணுடையதுதான் நன்றாக இருக்கிறது. மூன்று கடிதம் போட்டோம், பதிலே இல்லை. வியாழனும் வெள்ளியும் நேர்காணல். நீங்கள் தமிழர்தானே, போய்க் கூட்டிவர முடியுமா?" என்று கேட்டார். காகிதத்தில் விஜயலெட்சுமி மாரிமுத்து என்று பெயர். அதற்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். அதற்கும் கீழே யட்டியாந்தோட்டை. தமிழன் என்றால் இலங்கையில் எந்தத் தமிழரையும் கண்டுபிடித்துவிடுவான் என்று அவர் நம்பினார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டியது என் தப்பு.

செவ்வாய்க்கிழமை புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாதே என்று ஒரு பை ஆரஞ்சும் கொஞ்சம் திராட்சையும் வாங்கியிருந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. அவிசாவளை தாண்டியதும் தூங்கிவிட்டேன். திடீரென்று நாலைந்து பேர் சேர்ந்து என்னை உலுக்கி எழுப்பினார்கள். "மாத்தயா, இறங்குங்க, இறங்குங்க!" என்று கண்டக்டர் மணியை இழுத்தார். ஒரு அம்மா என் பையை ஜன்னல் வழியாகவே நீட்டினார். முகத்தில் அவ்வளவு இரக்கம். பஸ் போன பிறகு திரும்பிப் பார்த்தால், எதிரே கரவனெல்ல ஆஸ்பத்திரி. அந்த ரூட்டில் ஆரஞ்சும் திராட்சையும் மடியில் வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருப்பவன் நோயாளியைப் பார்க்கத்தான் போகிறான் என்று பஸ்ஸே முடிவுகட்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். ரொட்டியை இங்கே பாண் என்கிறார்கள். எங்கள் ஊர்க் காரம் எல்லாம் இந்தச் சம்பலுக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாது. கண்ணில் நீர் வடிய நான் சாப்பிட்டதைப் பார்த்துக் கடைக்காரரும் யாருக்கு என்ன வியாதி என்று மெதுவாக விசாரித்தார்.

அடுத்த பஸ்ஸில் யட்டியாந்தோட்டை. அங்கிருந்து சுனில் என்ற சிங்களப் பையனின் த்ரீவீலரில் மலை ஏறினோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வடியச் சிரட்டை கட்டியிருந்தது. ஓர் இலைகூட ஆடவில்லை. ஆரல்வாய்மொழியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவனுக்கு அந்த அசையாத காடு மூச்சை முட்டியது. இங்கே பிறந்த பெண் கடல் காற்றைப் பற்றி என்னத்தை எழுதியிருப்பாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

ஓர் ஓயாவும், சிற்றாற்றை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், அதன் மேல் கைப்பிடி இல்லாத தாழ்வான பாலமும் வந்தன. பாலத்துக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு தேநீர்க்கடை. அந்தப் பக்கம் தோட்டம். தோட்டத்துக்குள் தப்பும் உறுமியும் கேட்டன. த்ரீவீலரை விட்டு இறங்கிச் சத்தம் வந்த திசையில் நடந்தேன். மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். வரிசையாக ஆட்களின் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே வந்த பெரியவர் என் முன்னால் வந்து நின்றார். கயிற்றோடு நிற்கிற மனிதருக்கு முன்னால் கையைப் பின்னுக்கு இழுத்தால் மரியாதையா? நீட்டினேன். கட்டிவிட்டார்.

என் பெயர் சாலமன். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவன். ஊரில் அம்மன் கோயில் கொடை நடந்தால் வாசல்வரை போய் வேடிக்கை பார்ப்பேனே தவிர, கயிறு கட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. கட்டியவர் கோயில் தலைவர் மலையாண்டி. கட்டி முடித்த பிறகுதான் நான் யார் என்று விசாரித்தார்.

"இந்தியாவிலேருந்து வர்றீங்களா? நல்லதுங்க சேர். ஆனா காப்பு கட்டியாச்சே. சனிக்கெழம தேர் சுத்தி, காப்பு அறுக்கிற வரைக்கும் ராத்திரி எல்லையத் தாண்டித் தங்க ஏலாதுங்க."

"பகலில்?"

"பகல்ல கொழும்புக்கும் போகலாம், கண்டிக்கும் போகலாம். வெளக்குப் பூச மணி அடிக்கிறப்ப எல்லைக்குள்ள நிக்கணும். அதுதான் கணக்கு."

எங்கள் ஊர்ப் பக்கமும் இந்த வழக்கம் உண்டுதான். வெளியூர்க்காரர்கள் காப்புக்கு முன்னாடியே மூட்டையைக் கட்டிக் கிளம்பிவிடுவார்கள். நான் மூட்டையோடு வந்து மாட்டிக்கொண்டேன்.

தலைவரே என்னை விஜயலெட்சுமியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். கடிதம் மூன்று போட்டார்களாம் என்று நான் சொன்னதும் அவள் முகம் சட்டென்று கறுத்தது.

"லயத்துக்குன்னு நம்பர் இல்லீங்க சேர். எல்லாருக்கும் வர்ற தபால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்க பிரிச்சுப் பாத்து, அவங்களுக்குத் தோணுனப்ப பெரட்டுல கூப்புட்டுக் குடுப்பாங்க. எனக்கு ஒண்ணுமே குடுக்கல."

லயம் என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள்; பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலை பத்து மணிக்கு நேர்காணல் என்றேன். அவள் தன் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். உள்ளே அவள் அப்பா மாரிமுத்து கோடி வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பால் வெட்டுகிற மனிதர். கரகம் எடுக்கப் பதினொரு வருடமாகக் கேட்டு, இந்த வருடம்தான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. கரகம் எடுக்கிற வீட்டு ஆள் ஒருவர் எல்லைக்கு வெளியே தங்கினாலும் கரகம் நின்றுவிடும். கொழும்பிலே ஒரு ராத்திரி தங்கினால் எல்லாம் சுலபம். தங்க முடியாது. இரண்டு நாளும் விடிவதற்கு முன் கிளம்பி, விளக்கு வைப்பதற்குள் திரும்பியாக வேண்டும்.

"அப்பா போக வேணாம்னா போகமாட்டேன்," என்றாள் விஜி.

மாரிமுத்து வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். "போய்ட்டு மணிக்கு முன்னாடி வந்துரு," என்றார்.

புதன்கிழமை முழுக்க லயத்தில் கழிந்தது. காலையில் தேங்காய்ப்பூ போட்ட கோதுமை ரொட்டியும் கட்டைச்சம்பலும். கையில் ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டே சீனி போடாத பிளேன்டீ. காப்புக் கட்டியதால் கருவாட்டு வாடைகூட எங்கும் இல்லை. விருந்தாளிக்கு நல்ல கறி ஆக்கிப்போட முடியவில்லையே என்று விஜியின் அம்மா நாலு தடவை வருத்தப்பட்டார்.

விஜி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன். "உனக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கடல ரெண்டு தடவதான் பாத்திருக்கேன் சேர். ஒரு தடவ மழ, ஒண்ணும் தெரியல," என்று சிரித்தாள். பிறகு ஓயாவின் மேல்பக்கம் கையைக் காட்டினாள். "அங்க சின்னக் கரண்டு ஸ்டேஷன் ஒண்ணு போட்டாங்க. ஒருநாள் குழாயக் கொண்டாந்து எறக்குனாங்க. அப்பறம் நாங்க குளிக்கிற எடத்துல தண்ணியே இல்ல. யாரும் எங்கள ஒரு வார்த்த கேக்கல. ஏன் கேக்கணும்? லயத்துல இருக்கிறவங்களுக்கு நெலம் இல்லதானே. நெலம் இல்லாதவங்கள எந்தச் சட்டத்துலயும் கேக்க மாட்டாங்க. கடல்ல மீன் புடிக்கிறவங்களுக்கும் நெலம் இல்ல சேர். அதத்தான் நான் எழுதுனேன்."

மின்கம்பி லயத்துக் கூரைக்கு மேலாகத்தான் போனது. ஆனால் லயத்துக்குள் அது இறங்கவில்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இதுதான் கொள்கையா, இல்லை கொள்கை இல்லாததா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஊரில் நான் ஏறுகிற கோபுரங்களின் அடியில் ஆடு மேய்க்கிறவர்கள் ஏனோ நினைவுக்கு வந்தார்கள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கே சுனில் வந்துவிட்டான். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூட்டம் நடக்கிற ஹோட்டல் வாசலில் இறங்கினோம். நேர்காணல் மேசையில் நான்கு பேர். நான் பின்னால் ஒரு நாற்காலியில்.

நேர்காணல் சரியாகப் போகவில்லை. மலையில் இருந்துகொண்டு கடலை ஏன் ஆராய வேண்டும் என்று முதல் கேள்வியிலேயே கேட்டார்கள். துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னதைச் சொல்வாள் என்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உலகளாவிய எரிசக்தித் தேவை, பங்குதாரர் ஈடுபாடு, நிறுவனக் கட்டமைப்பு என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். பேராசிரியை அன்பாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த மூடி 'டக்' என்று விழுந்த சத்தம் எனக்கே வலித்தது.

"ஏன் அதைச் சொல்லவில்லை?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"குளிக்கிற எடத்தப் பத்தி அந்த ரூம்ல எப்படிங்க சேர் பேசுறது?" என்றாள். 

யட்டியாந்தோட்டை வந்தபோது மழை கொட்டி ஓய்ந்து தூறலாகியிருந்தது. சுனில் விரட்டிக்கொண்டு போனான். வளைவில் திரும்பியதும் பிரேக் போட்டான். ஓயாவைக் காணோம். அதன் இடத்தில் பழுப்பு நிறத்தில் வேறு ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு ஓடியது. பாலம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. மேல்மலையில் பெய்த மழை எல்லாம் ஒன்றாக இறங்கியிருந்தது.

அக்கரையில் குடையும் கையுமாக மாரிமுத்து நின்றார். பக்கத்தில் தலைவர் மலையாண்டி. கத்தினால் கேட்கிற தூரம்தான். ஆனால் இறங்கினால் பிணம்தான் கரை சேரும். விளக்குப் பூசைக்கு அரைமணி நேரம்கூட இல்லை. மகளைப் போகச் சொன்னது தான்தான் என்ற நினைப்பு மாரிமுத்துவின் முகத்தில் இருந்தது. விஜி தண்ணீர் விளிம்புவரை போய் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. இந்தக் கூட்டிப்போகிற வேலையை நான் ஏற்காமல் இருந்திருந்தால் அந்த மனிதரின் கரகத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது.

"தலைவரே!" என்று விஜி கத்தினாள். "எல்லைய யாரு வச்சது?"

"எங்கப்பா காலத்துல. மஞ்சத் தண்ணி தெளிச்சு வச்சாங்க."

"இப்ப நீங்க தெளிச்சா எல்ல இந்தப் பக்கம் வருமா? சோமாவதி அக்கா கட வரைக்கும்?"

அக்கரையில் ஏழெட்டுப் பேர் கூடித் தலையைத் தலையை ஆட்டிப் பேசினார்கள். நாங்கள் தேநீர்க்கடைத் தகரத்தின் ஓரத்தில் தூறலில் நனைந்துகொண்டு நின்றோம். கடைசியில் மலையாண்டி இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"வரும்! ஆனா அது அவங்க எடம். அவங்க சரின்னு சொல்லணும். கேக்காம தெளிக்க ஏலாது!"

சோமாவதி கடைக்குள் வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் விளக்குக் கூட்டுக்கு மூங்கில் வளைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, குட்டையான உருவம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. மலையாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து சிங்களத்தில் கத்தினார். அவளும் வாசலில் வந்து நின்று பதிலுக்குக் கத்தினாள். விஜி எனக்கு மெல்லிய குரலில் தமிழில் சொன்னாள்.

அவள் உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பக்கத்து மனுஷி, இரக்கப்பட மாட்டாளா? ஆனால் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"எத்தனை நாளைக்கு?"

சனிக்கிழமை வரைக்கும்.

"நான் என்ன செய்யக்கூடாது?"

மீன், முட்டை, இறைச்சி எதுவும் எல்லைக்குள் கூடாது.

சோமாவதி திரும்பித் தன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் காலைக்கென்று சுட்டு அடுக்கிய மீன் பணிஸ், அதாவது உள்ளே மீன் வைத்த பன், ஒரு தட்டு நிறைய இருந்தது. காலை முதல் பஸ்காரர்கள் அதற்காகத்தான் அங்கே நிற்பார்களாம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, வேண்டாம் என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்?"

இதை மொழிபெயர்க்கும்போது விஜியின் குரல் இறங்கிவிட்டது. மலையாண்டி பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஒண்ணும் செய்யமாட்டோம். ஒங்க எடம். அது எங்க தலையெழுத்து."

சோமாவதி மூங்கில் குச்சியைக் கீழே வைத்தாள். "அப்படியென்றால் எனக்கும் ஒன்று வேண்டும். இத்தனை வருடமாக உங்கள் தேர் பாலத்துக்கு அந்தப் பக்கமே திரும்பிப் போய்விடுகிறது. நான் இங்கே நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்கிறேன். என் கடை எல்லைக்குள் வந்தால், தேரும் என் கடைக்கு வர வேண்டும். இந்த வருடம் மட்டும் இல்லை."

அக்கரையில் மறுபடியும் தலையாட்டல். இந்தத் தடவை சத்தமே பலமாக இருந்தது. தேரைத் தோளில் தூக்கித்தான் பாலம் கடக்க வேண்டும், யார் தூக்குவது என்று ஒருவர் கேட்டது எனக்கே கேட்டது. "நான் தூக்குறேன்," என்று மாரிமுத்து கத்தினார். கரகம் எடுக்கிறவர் தேர் தூக்க முடியாது என்று நாலு பேர் அவரை அடக்கினார்கள். கடைசியில் மலையாண்டி கையை உயர்த்திச் சிங்களத்திலேயே சரி என்று கத்தினார்.

"ஹரி! வரும்!"

அடுத்த சிக்கல், மஞ்சள் தண்ணீர் எப்படி அக்கரையிலிருந்து வரும்? அதில் நனைத்த வேப்பிலையைக் கல்லில் கட்டி எறிந்தார்கள். முதலாவது ஆற்றோடு போயிற்று. இரண்டாவது தகரத்தில் விழுந்து உருண்டு என் நெற்றியில் பட்டது. சோமாவதி அதற்குமேல் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கறிக்குப் போடுகிற மஞ்சள்தூளைச் செம்பில் கரைத்துக்கொண்டு வந்தாள். என் நெற்றியில் பட்ட வேப்பிலையை எடுத்து அதில் நனைத்தாள். மலையாண்டி அக்கரையிலிருந்து ஏதோ சொல்லச் சொல்ல, தன் கடையைச் சுற்றித் தானே தெளித்துக்கொண்டு வந்தாள். கடைக்குப் பின்னால் இருந்த கோழிக்கூட்டின் முன் கொஞ்சம் நின்று யோசித்து, கூட்டையும் சேர்த்தே வளைத்தாள்.

அவள் செம்பைக் கீழே வைத்த கொஞ்ச நேரத்தில் அக்கரையில் மணி அடித்தது. மாரிமுத்து குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். கோயிலைப் பார்த்தா, சோமாவதியைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை.

மீன் பணிஸ் தட்டை அவள் துணியால் மூடி சுனிலின் த்ரீவீலரில் ஏற்றி எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டாள். அது வளைவில் மறைகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தேங்காய் ரொட்டி கிடைத்தது. பெஞ்சில் பாய் விரித்துப் படுத்தோம். மெனக்கெட்டு இவ்வளவும் செய்த எல்லைக்குள் ஒரு கிறிஸ்தவனும் ஒரு பௌத்தக் கடைக்காரியும் அம்மனுக்குக் காப்பாகப் படுத்திருக்கிறோமே என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

ராத்திரி கடையிலேயே தங்கியதால் வெள்ளிக்கிழமை முதல் பஸ் சுலபமாகக் கிடைத்தது. விஜி பஸ்ஸில் எந்தக் காகிதத்தையும் எடுத்துப் படிக்கவில்லை.

மேசையில் அதே நான்கு பேர். "நேற்று நீங்கள் ஈடுபாடு என்று சொன்னீர்கள். கடலில் ஒரு கோடு போட வேண்டும் என்றால் நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று பேராசிரியை கேட்டார். விஜி முந்தின நாள் சாயங்காலத்தைச் சொன்னாள். இங்கிலீஷில், தயங்கித் தயங்கி, ஆனால் ஒன்றையும் விடாமல். குளிக்கிற இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனதையும் சொன்னாள். மீன் பணிஸ் தட்டையும் சொன்னாள்.

"அந்தப் பெண்மணி மறுத்திருந்தால்?" என்று ஒருவர் கேட்டார்.

"நாங்கள் வெளியே தங்கியிருப்போம். அப்பா கரகம் எடுத்திருக்க மாட்டார்," என்றாள் விஜி. "கடைக்கார அக்காவுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது. எங்கள் ஓயாவில் குழாய் போட்டபோது எங்களுக்கு அது இல்லை."

பேராசிரியை பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். என்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெளியே போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு வந்தேன்.

முடிந்ததும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். முடிவைக் கடிதமாக அனுப்புவோம், நிச்சயமாகக் கிடைக்கிற முகவரியை எழுதுங்கள் என்றார்கள். விஜி தோட்டத்தின் பெயரை எழுதத் தொடங்கினாள். நிறுத்தினாள். அதை அடித்துவிட்டு வேறு என்னவோ எழுதினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஓயா ஒன்றுமே நடக்காததுபோல் கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம்.

சனிக்கிழமை தேர் பாலம் கடந்தது. பதினாறு பேர் தோளில். முன்னால் மாரிமுத்து கரகத்தோடு, கையை விட்டுவிட்டுத் தலையாலேயே அதைத் தாங்கி ஆடிக்கொண்டு வந்தார். அந்த மெலிந்த மனிதருக்குள் அவ்வளவு ஆட்டம் எங்கே இருந்ததோ. சோமாவதி வெள்ளைச் சேலை கட்டி, தட்டு நிறைய அரளிப்பூவோடு வாசலில் நின்றாள். புத்தருக்குப் படைக்கிற அதே தட்டுத்தான் என்று விஜி சொன்னாள். ஒரு பஸ் டிரைவர் மட்டும் மீன் பணிஸ் இல்லை என்று கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஓயாவில் காப்பை அறுத்தார்கள். என் கையில் கயிறு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. ஏனோ கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது.

ஊர் திரும்பியதும், ஏழாம் நம்பர்க் கோபுரத்தின் கீழே ஆடு மேய்க்கிற பொன்னையாவிடம் போய் நின்றேன். "இதை இங்கே நிறுத்தும்போது உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், இனி கேட்டுப் புடுங்கிட்டுப் போகப்போறீயளா?" என்றார். நான் ஏணியில் ஏறிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து விஜியின் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் கிளம்புகிறேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் கோபுரத்துக்கடியில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பொன்னையாவின் ஆடுகள் சிதறி ஓடின. மீதியை அப்புறம் நிதானமாகப் படித்தேன்.

"முகவரியில சோமாவதி அக்கா கடைன்னு எழுதிக் குடுத்தேன் சேர். அதுவும் இப்ப எங்க எல்லைதானே. காலையில பெரட்டு நடக்கிறப்ப அப்பாவுக்கு ரொட்டி குடுக்கப் போயிருந்தேன், அக்கா பாலத்தத் தாண்டி நேரா பெரட்டுக்களத்துக்கே வந்துட்டாங்க. கடைய நம்பி பஸ்காரங்க நிக்கிற நேரம். கடையப் பூட்டிட்டு வந்திருக்காங்க. அந்தக் கட பூட்டி நான் பாத்ததே இல்ல. கங்காணி, பெரிய தொர எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அக்கா ரெண்டு கையாலயும் கவரக் குடுத்தாங்க. இங்கிலீசு அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால என் பேரு இருக்கான்னு தபால்காரர்கிட்ட மூணு தடவ கேட்டுக்கிட்டாங்களாம்.

"கவர் பிரிக்காம இருந்துச்சு சேர். இந்தத் தோட்டத்துல யாரும் பிரிக்காத கவர் எனக்கு வந்தது இதுதான் முதல் தடவ. கொஞ்ச நேரம் நானும் பிரிக்காமலே வச்சிருந்தேன்."